வெளிநாட்டு மொழிப் படங்கள்: எதைப் பார்க்கலாம், யாரோடு பார்க்கலாம்?

வெளிநாட்டு மொழிப் படங்களில் எதைப் பார்க்கலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். விருதுப் பட்டியலைப் பார்த்து நான் படம் சொல்வதில்லை. பார்ப்பவர் யார், பக்கத்தில் யார் இருக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால்தான் சொல்ல வரும். வீட்டுச் சங்கதியையும் சேர்த்து எழுதியவர்களுக்கு நன்றி.

கேள்வி (சாவகச்சேரி): அக்கா, ஏலெவல் சோதினை முடிந்து வீட்டில் நிற்கிறேன். தமிழ்ப் படமும் ஆங்கில அடிதடிப் படமும்தான் பார்த்துப் பழக்கம். சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்கு என்னால் வாசிக்க முடியவில்லை. எங்கே தொடங்கலாம்?

பதில்: ஈரானில் தொடங்குங்கள், தம்பி. மஜித் மஜிதி எடுத்த 'சில்ரன் ஒஃப் ஹெவன்' (1997). தங்கச்சியின் சப்பாத்தைத் தைப்பித்துக்கொண்டு வருகிற வழியில் அண்ணன்காரன் தொலைத்துவிடுகிறான். அப்பாவிடம் காசில்லை, சொல்லவும் பயம். அவளுக்குக் காலையில் பள்ளிக்கூடம், அவனுக்குப் பின்னேரம். அவனுடைய சப்பாத்தையே இருவரும் மாறிமாறிப் போடுகிறார்கள். பள்ளி விட்டதும் அவள் ஓடி வந்து ஒழுங்கைக்குள் கழற்றிக் கொடுக்க, அவன் மாட்டிக்கொண்டு ஓடுகிறான். வாசிக்க அதிகம் இல்லை, ஓட்டத்தைப் பார்த்தாலே கதை விளங்கும். கடைசியில் ஓர் ஓட்டப்போட்டி வருகிறது. மூன்றாம் பரிசு ஒரு சோடிச் சப்பாத்து. முதலாவதாகவும் இரண்டாவதாகவும் வராமல் மூன்றாவதாக வரவேண்டும் என்று ஒரு பிள்ளை படுகிற பாட்டை நீங்களே பாருங்கள்.

அது பிடித்தால் இத்தாலியின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' (1948). சைக்கிள் இருந்தால்தான் வேலை என்ற நிலையில் சைக்கிள் களவு போகிறது. சைக்கிளில் வளர்ந்த ஊர்க்காரருக்கு அந்தத் தவிப்பை விளக்கத் தேவையில்லை.

கேள்வி (மானிப்பாய்): நானும் அம்மம்மாவும்தான் வீட்டில். அவவுக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க ஏதாவது இருக்கிறதா?

பதில்: இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. கொரியப் படம் 'த வே ஹோம்' (2002) உங்களுக்காகவே எடுத்தது போல இருக்கும். நகரத்தில் வளர்ந்த ஏழு வயதுப் பெடியனை, தாய் கிராமத்தில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறாள். கூன் விழுந்த அந்த அம்மம்மாவுக்குப் பேச்சு வராது. ஆகவே உங்கள் அம்மம்மா தவறவிடப் போவது கொஞ்சம்தான். பெடியன் கடைக் கோழிப் பொரியலுக்கு அடம்பிடிக்கிறான். அவ மழைக்குள் போய்க் கோழி வாங்கிவந்து, தனக்குத் தெரிந்தபடி அவித்து வைக்கிறா. அவன் அதைப் பார்த்துக் குளறி அழுகிறான். சிரிப்பும் வரும், நெஞ்சும் கனக்கும். அந்த அம்மம்மாவாக வந்தவர் நடிகையே இல்லை, ஒரு கிராமத்து மூதாட்டி.

ஒரு யோசனை: படம் ஓடும்போது வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டாம். தொடங்க முன்னர் கதையை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். பிறகு அவவே உங்களுக்கு விளக்கம் சொல்லுவா.

கேள்வி (நெல்லியடி): போரைப் பற்றிய நல்ல படம் பார்க்க ஆசை. ஆனால் வெடிச்சத்தம் கேட்டால் அப்பா எழும்பிப் போய்விடுவார். என்ன செய்வது?

பதில்: அப்பா எழும்பிப் போவதை மதிக்க வேண்டும். இங்கே எத்தனையோ வீடுகளில் அப்படித்தான். ரஷ்யப் படம் 'பலட் ஒஃப் எ சோல்ஜர்' (1959) பாருங்கள். தொடக்கத்தில் கொஞ்சநேரம் போர்முனையும் தாங்கிகளும் வரும். அந்தப் பகுதி முடிந்த பிறகு அப்பாவைக் கூப்பிடுங்கள். பத்தொன்பது வயதுச் சிப்பாய் பதக்கத்துக்குப் பதிலாக லீவு கேட்கிறான், அம்மாவைப் பார்த்துக் கூரையைத் திருத்திக் கொடுக்க. ஆறு நாள் கிடைக்கிறது. வழியில் ஆளாளுக்கு உதவி செய்தே நாட்கள் கரைகின்றன.

அதில் ஒரு சவர்க்காரம் வரும். முன்பின் தெரியாத சிப்பாய் ஒருவன், தன் மனைவியிடம் கொடுக்கச் சொல்லி அதைக் கொடுத்துவிடுகிறான். சவர்க்காரம் ஒரு பரிசாவதைப் பார்த்து வேறு ஊர்க்காரர் வியக்கலாம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்த எங்களுக்கு அதன் பெறுமதி தெரியும். அந்தச் சவர்க்காரம் கடைசியில் யார் கைக்குப் போகிறது என்பதைக் கவனியுங்கள். படத்தின் உயிர் எனக்கு அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், அதை ஆள் பார்த்துத்தான் சொல்லுவேன். சிலி நாட்டு பற்றிசியோ குஸ்மான் எடுத்த ஆவணப்படம் 'நொஸ்ரல்ஜியா ஃபோர் த லைற்' (2010). அட்டகாமா பாலைவனத்தில் காற்று அவ்வளவு வறண்டது, வானியலாளர்கள் அங்கே பெரிய தொலைநோக்கிகளை வைத்து விண்மீன் பார்க்கிறார்கள். அதே மண்ணில் பெண்கள் சிறு மண்வாரிகளோடு நடந்து, சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சியில் காணாமலாக்கப்பட்ட தங்கள் ஆட்களின் எலும்புகளைத் தேடுகிறார்கள். இந்தத் தொலைநோக்கிகள் நிலத்துக்குள்ளும் பார்க்கக் கூடாதா என்று அவர்களில் ஒருவர் ஏங்குகிறார். வீட்டில் ஒருவரைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு இதை நீங்களாகப் போட்டுக் காட்டவேண்டாம். என்ன படம் என்று சொல்லி, அவர்கள் பார்க்கிறோம் என்றால் கூட இருந்து பாருங்கள்.

கேள்வி (நல்லூர்): 'தீபன்' வெளிநாட்டுப் படமா, எங்கள் படமா?

பதில்: பிரெஞ்சுப் படம், பேச்சில் பெரும்பங்கு தமிழ். 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது. நாயகனாக நடித்த ஷோபாசக்தி அல்லைப்பிட்டியில் பிறந்தவர். மூன்று அந்நியர்கள் குடும்பமாக நடித்து, மெல்லமெல்லக் குடும்பமாகிற பகுதி எனக்கு மிகவும் பிடிக்கும். கடைசியில் துப்பாக்கியால் கதையை முடித்தது பிடிக்கவில்லை.

கேள்வி (கொக்குவில்): சிங்களப் படங்களை இந்தக் கணக்கில் சேர்ப்பீர்களா?

பதில்: வெளிநாடு என்று சொல்ல முடியாது. ஆனாலும் கொரியப் படம் பார்க்கிற பிள்ளைகள் பலர் ஒரு சிங்களப் படமும் பார்த்திருக்க மாட்டார்கள். பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997) பாருங்கள். படையில் சேர்ந்த மகனின் உடல் முத்திரையிட்ட பெட்டியில் வீட்டுக்கு வருகிறது. கண் தெரியாத தகப்பன், மகன் செத்துவிட்டான் என்று நம்ப மறுக்கிறார். ஜோ அபேவிக்ரம அந்தத் தகப்பனாக வாழ்ந்திருக்கிறார். எங்கள் பக்கத்துத் தகப்பன்மாரையும் நினைக்காமல் அதைப் பார்க்க முடியாது.

கேள்வி (பருத்தித்துறை): எல்லாரும் புகழ்கிறார்களே என்று 'டோக்கியோ ஸ்டோரி' போட்டேன், அரை மணித்தியாலத்தில் நித்திரை. என்னில் பிழையா?

பதில்: களைத்து வந்து இரவு பத்து மணிக்குப் போட்டால் யாருக்கும் நித்திரை வரும். ஞாயிறு காலையில் போனைத் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். இயக்குநர் ஓசு இந்தப் படத்தில் (1953) கமெராவைப் பாயில் இருப்பவரின் உயரத்துக்கு இறக்கி வைத்திருக்கிறார். நீங்களும் அந்த வீட்டில் நிலத்தில் இருந்து கதை கேட்பீர்கள். கிழவனும் கிழவியும் பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ போகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமில்லை. போரில் கணவனை இழந்த மருமகள்தான் பார்த்துக்கொள்கிறாள். பிறகு செத்தவீடு முடிந்து சாப்பிடும்போதே மூத்த மகள் தாயின் இன்ன உடுப்பு எனக்கு வேண்டும் என்கிறாள். அவள் கெட்டவள் இல்லை. அதுதான் அந்த இடத்தைத் தாங்க முடியாமல் ஆக்குகிறது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் பறந்து வந்து போகிற செத்தவீடுகளைக் கண்ட நமக்கு, அந்தக் காட்சியில் நித்திரை வராது.

கேள்வி (வேலணை): தமிழ் டப்பிங்கில் பார்த்தால் பரவாயில்லையா?

பதில்: சின்னப் பிள்ளைகளுக்குச் சரி. பெரியவர்கள் மூலக்குரலில் கேளுங்கள், அழுகைக்கும் கோபத்துக்கும் மொழி தேவையில்லை.

கேள்வி (திருநெல்வேலி): மகளுக்கு ஏழு வயது. ஜப்பான் கார்ட்டூன் என்றால் எல்லாம் காட்டலாமா, அக்கா?

பதில்: பார்த்துக் காட்டுங்கள், தங்கச்சி. கிப்லி நிறுவனம் 1988இல் இரண்டு படங்களைச் சேர்த்தே வெளியிட்டது. 'மை நெய்பர் டொட்டோரோ' தாராளமாகக் காட்டலாம். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்க, அக்காவும் தங்கச்சியும் காட்டில் ஒரு பெரிய பூதத்தோடு கூட்டாகிற கதை. மற்றது 'கிரேவ் ஒஃப் த ஃபயர்ஃபிளைஸ்'. கோபே நகரின் மீது குண்டு விழுந்த பிறகு, தாயில்லாத அண்ணனும் தங்கச்சியும் பசியோடு அலைகிற கதை. அருமையான படம், ஆனால் பிள்ளைக்கு வேண்டாம். அதை ஒருநாள் நீங்கள் தனியாகப் பாருங்கள்.