எச்.பி.வி. ரிப்போர்ட்டும் ஊர் வாயும்: கேள்வி-பதில்

மகள் லண்டனில் இருக்கிறாள். கருப்பை வாய்ச் சோதனைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லையே, போக வேண்டுமா? (கும்பகோணம்)

ஒன்றுமில்லாதபோது செய்வதுதான் ஸ்கிரீனிங். அங்கே 25 முதல் 64 வயது வரை கூப்பிடுகிறார்கள். கூச்சம், மொழி, லீவு என்று ஏதாவது சொல்லி இந்தக் கடிதத்தை ஓரம் வைப்பது குடியேறிய பெண்களிடம் சகஜம். எச்.பி.வி. (கருப்பை வாய்ப் புற்றை உண்டாக்கக்கூடிய வைரஸ்) தடுப்பூசி போட்டிருந்தாலும் சோதனை உண்டு. போகச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் வீட்டு வேலை பார்த்துத் திரும்பினேன். இங்கே எச்.பி.வி. பாசிட்டிவ். 'அங்கே எப்படி இருந்தாளோ' என்கிறார் மாமியார். (மன்னார்குடி)

இந்த மாதிரிக் கடிதம் வராத மாதமே இல்லை. மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்: எச்.பி.வி. ரிப்போர்ட் நடத்தைச் சான்றிதழ் அல்ல. யாரிடமிருந்து, எந்த வருஷம், எந்த ஊரில் வந்தது என்று எந்த லேபாலும் சொல்ல முடியாது. தாம்பத்தியத்தில் இருக்கும் பெரும்பாலானோருக்கு ஒரு முறையாவது வந்து போகிற கிருமி இது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் தானாக அடங்கிவிடும். சிலருக்குப் பல வருஷம் சத்தமில்லாமல் கிடந்து பிறகு தெரியும். கல்யாணமான புதிதில் உங்கள் கணவரிடமிருந்தே வந்திருக்கலாம். ஆண்களுக்கு வழக்கமான சோதனை கிடையாது, அதனால் அவர் தப்பித்தார்! துபாய் போய்த் திரும்பும் மகனை எந்த மாமியாராவது இப்படிக் கேட்டிருக்கிறாரா?

சரி, ஆக வேண்டியதைப் பாருங்கள். எச்.பி.வி.யில் 16, 18 வகையா என்று கேளுங்கள். கருப்பை வாய்ப் புற்றில் சுமார் 70 சதவீதம் அந்த இரண்டால்தான். அவை என்றால் கோல்போஸ்கோபி (கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை) தள்ளிப் போடாதீர்கள். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனையும் செய்துகொள்ளுங்கள். சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, அடுத்த சோதனை எப்போது என்பது அதையும் பொறுத்தது.

வளைகுடாவில் மெடிக்கலில் எச்.ஐ.வி. தெரிந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யை அடக்கும் மாத்திரை) ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். சி.டி.4 (எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை) நன்றாக இருக்கிறது. எச்.பி.வி. பற்றி யாருமே சொல்லவில்லையே? (திருவையாறு)

சொல்லியிருக்க வேண்டும். விசா மெடிக்கல் உங்கள் நலனுக்காக எடுப்பதல்ல. எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கருப்பை வாய்ப் புற்று வரும் ஆபத்து சுமார் ஆறு மடங்கு. பல வகை எச்.பி.வி. ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், லேசில் போகாது. மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் காக்கும், எச்.பி.வி.யை நேரடியாக அழிக்காது. இங்கே மற்றவர்களுக்கு 30 வயதில் தொடங்கும் சோதனை உங்களுக்கு 25-இல். எச்.பி.வி. இருக்கிறதா என்று பார்க்கும் டி.என்.ஏ. சோதனை என்றால் 3 முதல் 5 வருஷத்துக்கு ஒரு முறை. மாத்திரை வாங்கப் போகும் அன்றே மகளிர் பிரிவுக்கும் ஓ.பி. சீட்டுப் போடுங்கள்.

நடவுக்கு வடமாநிலப் பெண்கள் வந்து தங்கியிருக்கிறார்கள். கழிப்பறை வழியாக எச்.ஐ.வி., எச்.பி.வி. ஒட்டுமா? (நன்னிலம்)

எச்.ஐ.வி. ஒட்டவே ஒட்டாது. எச்.பி.வி. பரவுவது உடலுறவில், தோலோடு தோல் உரசி. கழிப்பறையைக் கழுவ ஆள் போடுங்கள், அது வேறு விஷயம். 30 தாண்டியவர்களை ஒரு நாள் கூலியோடு கருப்பை வாய்ச் சோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். சொந்த ஊரிலும் பார்க்காமல் வந்த ஊரிலும் பார்க்காமல் விடுபட்டுப் போகிறவர்கள் அவர்கள்தான்.

இத்துடன் ரிப்போர்ட் போட்டோ. பயமா டாக்டர்? (திருத்துறைப்பூண்டி)

வயது இல்லை, எச்.ஐ.வி. நிலை இல்லை, போட்டோவில் பாதி விரல். நேரில் காட்டுங்கள்.

எனக்கும் 12 வயது மகளுக்கும் எச்.ஐ.வி. அவளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி ஒரு டோஸ் போதுமா? (வேதாரண்யம்)

போதாது. குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. ஊசி போட்டாலும் 25 வயதில் சோதனை உண்டு.