மகளின் தடுப்பூசியும் வீட்டாரின் தயக்கமும்: மருத்துவர் பதில்கள்

கேள்வி: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸுக்கான தடுப்பூசியை என் மகளுக்கு எத்தனை டோஸ் போட வேண்டும்? (புதுவயல்)

பதில்: வயதை எழுதாமல் டோஸ் கேட்டால் நான் சோதிடம்தான் பார்க்க வேண்டும். 15 வயது நிறைவதற்குள் தொடங்கினால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு. அதற்குப் பின் மூன்று. மருந்தின் பெயரும் போட்ட தேதியும் எழுதிய அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: பிற்காலத்தில் பிள்ளைப்பேறு பாதிக்குமா? (தேவகோட்டை)

பதில்: பாதிக்காது. ஊசி மருந்தில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதன் மேலுறைப் புரதம் மட்டுமே உண்டு. ஊசி என்றாலே மயங்கும் பிள்ளைகள் இருப்பதால், 15 நிமிடம் உட்காரவைத்து அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: மகளுக்கு 12 வயது. "நம் வீட்டுப் பெண்ணுக்கு இது எதற்கு, கல்யாணம் பேசும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் அவளுடைய அப்பத்தா. உறவினர் அறியாமல் போடலாமா? (கானாடுகாத்தான்)

பதில்: இதே பொருளில் இம்முறை நான்கு கடிதங்கள். பெண் பிறந்தது முதலே சீர்ச் சாமான்களை ஒவ்வொன்றாக வாங்கி அறையில் அடுக்கும் ஊரில், ஊசி மட்டும் ஏன் முகூர்த்தத்துக்குக் காத்திருக்க வேண்டும்? பாலுறவு வழியே பரவும் இவ்வைரஸ் உடலுக்குள் வருமுன் போட்டால்தான் ஊசி முழுப் பலன் தரும். வந்துவிட்ட தொற்றை நீக்காது. சிறு வயதில் எதிர்ப்பாற்றல் கூடுதலாக உருவாவதால்தான் டோஸும் குறைகிறது. நடத்தையை இதில் இழுப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கணவரைத் தவிர வேறொருவரை அறியாத பெண்ணுக்கும் அந்தக் கணவர் வழியாகவே இத்தொற்று வரக்கூடும். ஆண்டுதோறும் சுமார் ஒன்றேகால் லட்சம் இந்தியப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருகிறது. பத்தில் ஏழுக்கு இவ்வைரஸின் 16, 18 ஆகிய இரு வகைகளே காரணம், இரண்டையும் இந்த ஊசி தடுக்கிறது. உறவினருக்குச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். மகளிடம் மட்டும் எதற்கென்று விளக்காமல் போடாதீர்கள். அப்பத்தாவிடம் "புற்றுநோய்த் தடுப்பூசி" என்றே சொல்லிப் பாருங்கள், பாதிச் சண்டை குறையும். நால்வரில் ஒருவர்கூடத் தம் உடலைப் பற்றிக் கேட்கவில்லை என்பதும் எனக்கு வருத்தமே. 30 வயதைக் கடந்த தாய்மார்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

கேள்வி: மகனுக்கும் போடலாமா? (பள்ளத்தூர்)

பதில்: போடலாம். தொண்டை, ஆசனவாய்ப் புற்றுநோய்களுக்கும் இவ்வைரஸ் காரணமாகிறது. 2023-இல் விற்பனைக்கு வந்த நம் நாட்டுத் தயாரிப்பான செர்வாவாக் ஆண்பிள்ளைகளுக்கும் அனுமதி பெற்றதே. கையில் பணம் ஒருவருக்குத்தான் என்றால், முதலில் மகளுக்கு.

கேள்வி: பினாங்கில் படித்த பேத்திக்கு 13 வயதில் பள்ளியிலேயே இரண்டு டோஸ் போட்டார்கள். இங்கே மீண்டும் போட வேண்டுமா? (காரைக்குடி)

பதில்: வேண்டாம். மலேசியாவில் 2010 முதலே பள்ளிகளில் போடுகிறார்கள். அந்த அட்டை எங்கே இருக்கிறது என்று இன்றே தேடிப் பாருங்கள்.