குண்டடி பட்டால் தீருமா?

அன்புள்ள அக்கா,

ஆங்கில வரலாற்றுக் காதல் நாவல்களை விடாமல் வாசிக்கிறவள் நான். லிசா கிளேபாஸின் ஒரு நாவலில் லில்லியனைக் கடத்திக்கொண்டு போகிற செபாஸ்டியன், அடுத்த நாவலில் ஈவிக்கு நாயகனாகிவிடுகிறான். வெறுக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை. அந்தக் காலத்து ஆண்கள் அப்படித்தானே? இவனை ரசிப்பது தப்பா? தங்கைக்குப் படிக்கக் கொடுக்கலாமா?

ம., அம்பாசமுத்திரம்

அன்புள்ள ம.,

ரசியுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. கெட்டவனாக வந்து இறங்குகிறவனிடம்தான் கதைக்கு வேலை இருக்கிறது.

ஆனால் 'அந்தக் காலத்து ஆண்கள் அப்படித்தானே' என்று எழுதினீர்களே, அது சுருக்கென்று தைத்தது. 1972இல் வந்த கேத்லீன் வுடிவிஸின் நாவலில் நாயகன் நாயகியைப் பலவந்தப்படுத்துகிறான். அதற்கும் இதே சால்ஜாப்புதான். எந்தக் காலம் அம்மா? மதுரையில் ஆயர் வீட்டில் சாப்பிட்டு எழுந்த கோவலன், வெற்றிலை பாக்குக் கொடுத்த கண்ணகியை அருகே அழைத்து, தான் செய்ததையெல்லாம் சொல்லி உருகுகிறான். அவள் 'பரவாயில்லை' என்றா சொன்னாள்? 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' என்றாள், முகத்துக்கு நேரே. அவன் எழு என்றதும் எழுந்து கூடவே வந்தவளும் அவள்தான். கோவலனுக்கே கிடைக்காத சலுகை லண்டன் பிரபுவுக்கு எதற்கு?

செபாஸ்டியன் ஈவியைக் காப்பாற்றக் குண்டடி படுகிறான். அவள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறாள். நமக்கும் மனசு இளகிவிடுகிறது. எனக்குத் தகராறே இங்கேதான். ஈவிக்காகப் பட்ட குண்டு லில்லியனுக்குச் செய்ததை எப்படித் தீர்க்கும்? அடிபட்டுக் கிடக்கிறவன்மேல் யாருக்கும் இரக்கம் வரும். அதை மன்னிப்புக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். நாவலுக்கு நாவல் இதே கதை. நடனக் கூடத்தில் ஊரே பார்க்க அவளை அவமானப்படுத்துவான், அப்புறம் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்பான். ஊர் பார்க்கச் சொன்னதை ஊர் பார்க்கத்தானே திரும்ப வாங்க வேண்டும்?

திருநெல்வேலி டவுனில் நாங்கள் இருந்த வளவில், பெரியப்பா ஒருநாள் பணத்தைக் காணோமென்று பெரியம்மையைத் திருடி என்றுவிட்டார். அத்தனை குடித்தனமும் கேட்டது. பணம் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. மறுநாள் காலை, பெண்கள் எல்லாரும் குடத்தோடு அடிபம்பைச் சுற்றி நிற்கும் நேரம் பார்த்து முற்றத்துக்கு வந்தார். "எடுத்தது அவ இல்ல. நாந்தான் புத்திகெட்டுப் பேசிட்டேன்" என்றார். குரல் கம்மியது, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. பெரியம்மை அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. அந்த வருஷம் ஆனித் தேருக்கும் அவரோடு போகவில்லை, எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. நாவல்காரர்கள் எழுதாமல் விடுவது இந்த இடத்தைத்தான். கேட்டுவிட்டான், அவள் இன்னும் கொடுக்கவில்லை, அதற்குப் பிறகும் முகம் சுளிக்காமல் காத்திருக்கிறான் பாருங்கள், அங்கேதான் அவன் மாறியிருக்கிறானா என்று தெரியும். அதற்கு நாற்பது பக்கம் ஒதுக்கினால் என்ன? கத்திச் சண்டைக்கு ஒதுக்குகிறார்களே.

தங்கைக்குத் தாராளமாகக் கொடுங்கள். ஈவியின் நாவலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். லில்லியனைக் கடத்துகிற முந்தைய நாவலை முதலில் படிக்கட்டும்.

அன்புடன்,
அக்கா