கோர்ட் வாடகைக்கா, பிள்ளைகளுக்கா?

கேள்வி: 14 வருடம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திண்டுக்கல் திரும்பியிருக்கிறேன். பைபாஸ் பக்கம் 25 சென்ட் இடம் இருக்கிறது. கல்லூரி நாட்களில் மாவட்ட அளவில் ஷட்டில் ஆடியவன். நாலு கோர்ட் போட்டு, மாநிலப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய ஆசை. "பேசாமல் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுங்கள், தலைவலி இல்லை" என்கிறார் மனைவி. அகாடமி நடத்தினால் கட்டுப்படியாகுமா?

பதில்: அகாடமி மட்டும் என்றால் கட்டுப்படியாகாது. உங்கள் மனைவி கணக்குப் போட்டுத்தான் பேசுகிறார்.

அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம். ஒரு கோர்ட்டுக்கு மணிக்கு 300 ரூபாய் வாடகை என்று வையுங்கள். ஆள் வருவது சாயங்காலம் 6 முதல் 9 வரை. இரண்டு கோர்ட், மூன்று மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 46,800 ரூபாய். அதே நேரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால்? போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகள் ஒரு கோர்ட்டில் ஆறு பேருக்கு மேல் இருந்தால் பாதி நேரம் வேடிக்கைதான் பார்ப்பார்கள். 12 பேர், ஆளுக்கு 2,500 ரூபாய் ஃபீஸ் என்றால் 30,000. கோச் சம்பளமும் பந்துச் செலவும் அதற்குள்ளேதான். இறகுப் பந்து விற்கிற விலையில் நைலானை வைத்து ஒப்பேற்றலாம் என்று தோன்றும். போட்டியில் இறகில் ஆட வேண்டிய பிள்ளைக்கு அது உதவாது.

ஆக, வாடகைதான் அகாடமிக்குச் சோறு போட வேண்டும். ஆனால் வாடகைக்கு ஆடுபவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டியது அதே சாயங்கால நேரம். என் மகள் பழகிய இடத்தில் இந்த இழுபறியை நாலு வருடம் பார்த்தேன். ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வாடகைக்காரர்கள் கிட் பேக்கோடு கோட்டுக்குள் வந்து நிற்பார்கள். கோச் கூடையில் பாதிப் பந்து மிச்சமிருக்க, போடுவதை நிறுத்திவிடுவார். ஓனர் யார் பக்கமும் பேச மாட்டார். ஒவ்வொரு வருடமும் நன்றாக ஆடும் பிள்ளைகள்தான் முதலில் வேறு இடம் தேடிப் போனார்கள். அதனால் இரண்டு கோர்ட்டைச் சாயங்காலம் வாடகைக்கே கொடுப்பதில்லை என்று திறப்பதற்கு முன்பே எழுதிப் போட்டுவிடுங்கள். மற்ற இரண்டும் சம்பாதிக்கட்டும். புதிதாகப் பழகும் சின்னப் பிள்ளைகளை நாலரை முதல் ஆறு வரை எல்லா கோர்ட்டிலும் விடலாம். அந்த ஃபீஸும் கைகொடுக்கும்.

அப்புறம் ஷெட். கோர்ட் 44 அடிக்கு 20 அடி. சுற்றிலும் நடுவிலும் இரண்டு மீட்டர் விட்டால் நாலு கோர்ட்டுக்குச் சுமார் 115 அடிக்கு 57 அடி, அதாவது 15 சென்ட். இடம் தாராளம். ஷெட் போடுபவர் 22 அடி உயரம் போதும் என்பார், இரும்புச் செலவு குறையும் என்று ஆசை காட்டுவார். கேட்காதீர்கள். 30 அடிக்குக் கீழே இறங்கவே வேண்டாம்; பெரிய போட்டி அரங்குகளில் 40 அடி இருக்கும். தாழ்ந்த கூரைக்குக் கீழே பழகிய பிள்ளை கூரை இடிக்குமே என்று பந்தை உயர்த்தியே அடிக்காது. போட்டி ஹாலில் எதிராளி தலைக்கு மேலே தூக்கிப் பின்கோட்டில் போட்டால், அந்தப் பந்து இறங்கும் நேரத்தைக் கணிக்கவும் தெரியாது. வாடகைக்கு ஆடும் அண்ணாச்சிகளுக்கு இது பெரிய விஷயமில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு இதுதான் விஷயம்.

தரையும் அப்படித்தான். சிமெண்ட் மேலேயே மேட் விரித்தால் தினம் மூன்று மணி நேரம் குதிக்கும் 11 வயது முழங்கால் என்ன ஆகும்? அந்த இரண்டு கோர்ட்டுக்காவது அடியில் மரத்தளம் போடுங்கள். விளக்கு கோர்ட்டுக்கு நேர் மேலே வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். சுவருக்கு அடர்பச்சை. விளம்பரம் தருகிறேன் என்று யாராவது வெள்ளைப் பெயின்ட்டோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள், பந்தே கண்ணுக்குத் தெரியாது.

ஹைதராபாத்தில் கோபிசந்த் அகாடமி 2008இல் திறந்தது. 2001இல் ஆல் இங்கிலாந்து ஷட்டில் பட்டம் வாங்கிய கோபிசந்துக்கே, அரசு நிலம் கிடைத்தும் வீட்டை அடமானம் வைக்க வேண்டி வந்தது. நீங்கள் அந்த வேலைக்குப் போக வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் கோச் பற்றி ஒரு வரிகூட இல்லை. கவலைப்படுத்தியது அதுதான். கோச் விலகினால் பிள்ளைகளும் அவர் பின்னாலேயே போவார்கள். வாடகை வருமானத்திலும் அவருக்கு ஒரு பங்கு வையுங்கள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளாகச் சேருங்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் பாதிப் பேருடைய ராக்கெட் பரணுக்குப் போய்விடும், அதற்குள் ஐந்தாறு வருடமாவது கிடைக்கும். சேர்க்கும் அன்றே பிறப்புச் சான்றிதழ் நகல் வாங்குங்கள். 13 வயதுக்குட்பட்டோர் பிரிவில் இன்னும் ஒரு வருடம் ஆட வைக்கலாமா என்று நைசாகக் கேட்கும் அப்பாக்கள் வருவார்கள்.

இப்போதைக்கு அஸ்திவாரம் தோண்டாதீர்கள். ஊரில் இருக்கும் ஏதாவது ஒரு கோர்ட்டைக் காலை 5.30 முதல் 7.30 வரை ஆறு மாதத்துக்கு வாடகைக்கு எடுங்கள். எட்டுப் பிள்ளைகள், ஒரு கோச் போதும். மார்கழிக் குளிரில் எத்தனை பேர் வருகிறார்கள், கோச் எத்தனை மணிக்கு வருகிறார் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அந்த நோட்டை மனைவியிடம் காட்டிவிட்டு ஷெட்காரரைக் கூப்பிடலாம்.