உம்ரா பேக்கேஜ்: "ஹரமுக்குப் பக்கத்தில்" என்றால் எவ்வளவு பக்கம்?

கேள்வி: வாப்பாவையும் உம்மாவையும் உம்ராவுக்கு (மக்கா புனிதப் பயணத்துக்கு) அனுப்பப் போகிறேன். 15 நாள் பேக்கேஜுக்கு ஒரு டிராவல்ஸில் தலைக்கு 92 ஆயிரம் கேட்கிறார்கள், இன்னொன்றில் 1 லட்சத்து 18 ஆயிரம். இரண்டு பேருமே "ஹரமுக்குப் (கஅபா இருக்கும் பெரிய பள்ளிவாசலுக்கு) பக்கத்திலேயே ரூம்" என்கிறார்கள். உம்மாவுக்கு முட்டி வலி வேறு. எதை எடுக்கலாம்?
— ஒரு வாசகர், காயல்பட்டினம்

பதில்: விலையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். மக்காவில் எந்த ஓட்டல், மதீனாவில் எந்த ஓட்டல் என்று இரண்டு பேரிடமும் எழுதி வாங்குங்கள். ஓட்டல் பெயருக்குப் பின்னால் "அல்லது அதற்கு இணையானது" என்று ஒரு வால் இருந்தால் உஷார். அந்த நேரத்தில் எது மலிவாகக் கிடைக்கிறதோ அங்கே தங்கவைக்க அவர்கள் வழி வைத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு தூரத்துக்கு அப்பால் மாற்றினால் பணம் திருப்பித் தருவார்கள் என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.

பெயர் கையில் வந்ததும் கூகுள் மேப்பில் நடைதூரத்தை நீங்களே பாருங்கள். நோட்டீஸில் போடும் "500 மீட்டர்" பல நேரம் வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்ததாக இருக்கும், அதுவும் வெளிமுற்றத்தின் விளிம்பு வரைக்கும்தான். அங்கிருந்து கஅபா கண்ணில் படும் இடத்துக்கு இன்னும் நடக்க வேண்டும். மக்கா மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஊர் என்பதையும் மறக்காதீர்கள். வரும்போது மேடு ஏற வேண்டிய தெருவில் 500 மீட்டர் என்பது முட்டி வலிக்காரருக்கு ஐந்து வேளையும் சோதனை. மதீனாவில் நபியின் பள்ளிவாசலைச் சுற்றிய பகுதி சமதளம், அங்கே கொஞ்சம் தள்ளி இருந்தாலும் சமாளித்துவிடலாம். கூடுதல் பணம் போடுவதாக இருந்தால் மக்கா அறைக்குப் போடுங்கள்.

92 ஆயிரத்துக்காரர் ஹரமிலிருந்து தள்ளியிருக்கும் அஸீஸிய்யா பக்கம் அறை போட்டு "ஷட்டில் பஸ் உண்டு" என்று சொல்லக்கூடும். நடக்கத் தெம்புள்ள இளைஞர்களுக்கு அது சரி. ஜும்ஆ நேரத்திலும் ரமளானிலும் ஹரமைச் சுற்றிய சாலைகளை அடைக்கும்போது பஸ் தூரத்திலேயே இறக்கிவிட்டுவிடும்.

இன்னும் சில கேள்விகள் கேளுங்கள். ஒரு அறையில் எத்தனை பேர்? நேரடி விமானமா, வளைகுடாவில் இறங்கி மாறுவதா? 15 நாளில் போகிற நாளும் வருகிற நாளும் சேர்த்தியா? முதலில் மதீனா போகும் பேக்கேஜ் கிடைத்தால் பெரியவர்களுக்கு அதுதான் வசதி. பயணக் களைப்பு தீர்ந்த பிறகு, மதீனாவுக்கு வெளியே துல்ஹுலைஃபாவில் நிதானமாக இஹ்ராம் (உம்ராவுக்கான நிய்யத்தும் உடையும்) கட்டிக்கொண்டு மக்கா போகலாம். நேரே ஜித்தா போகிறவர்கள் விமானம் மீக்காத்தை (இஹ்ராம் கட்ட வேண்டிய எல்லையை) கடக்கும் முன்பே இஹ்ராமில் இருந்தாக வேண்டும். ஹரமில் சக்கர நாற்காலி இலவசமாகவே கிடைக்கும், தள்ள ஆள் வைத்தால்தான் காசு.

பில்லில் ஜிஎஸ்டியும் டிசிஎஸ்ஸும் (விற்பவர் முன்கூட்டியே வசூலித்துக் கட்டும் வருமான வரி) தனித்தனியாக இருக்கட்டும். டிசிஎஸ் என்று பிடிப்பது உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ முடியும். "பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்பவரிடம் அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: "12 இடங்கள் ஜியாரத் (புனித இடங்களைப் பார்ப்பது) இலவசம்" என்று போட்டிருக்கிறார்கள். வரலாற்று இடங்களை நின்று நிதானமாகப் பார்க்க ஆசை. இது போதுமா?
— ஒரு வாசகி, மேலப்பாளையம்

பதில்: எண்ணிக்கையை நம்பாதீர்கள், எங்கே இறக்கிவிடுவார்கள் என்று கேளுங்கள். மக்கா ஜியாரத்தில் ஹஜ்ஜின்போது ஹாஜிகள் தங்கும் மினா, முஸ்தலிஃபாவைப் பெரும்பாலும் பஸ் ஜன்னல் வழியாகத்தான் காட்டுவார்கள். ஜபல் நூர் மலையடிவாரத்தில் நிறுத்தி "அதோ மேலே ஹிரா குகை (நபிக்கு முதல் வஹீ வந்த இடம்)" என்பார்கள். ஏற வேண்டுமானால் ஃபஜ்ர் என்ற அதிகாலைத் தொழுகைக்குப் பிறகு நீங்களே டாக்ஸியில் போங்கள், வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். ஏற முடியாதவர்களுக்கு அடிவாரத்தில் 2023இல் திறந்த ஹிரா கலாசார வளாகம் இருக்கிறது.

பழைய மக்காவைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். உஸ்மானியர் காலத்து அஜ்யாத் கோட்டையை 2002இல் இடித்துவிட்டார்கள். இன்று அங்கே நிற்பது மணிக்கூண்டுக் கோபுரமும் ஓட்டல்களும். 601 மீட்டர் உயரமாம், இருக்கட்டும். கோட்டையைப் பார்க்க இனி புகைப்படம்தான்.

மதீனாவில் நிலைமை பரவாயில்லை. குபா பள்ளிவாசல், இரு கிப்லா பள்ளிவாசல், நபி காலத்துப் போர் நடந்த உஹது எல்லாமே சில கிலோமீட்டருக்குள்தான். உஹதில் நபியின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) உள்ளிட்ட ஷஹீத்கள் (போரில் உயிர்நீத்தவர்கள்) அடங்கிய இடத்தையும், எதிரே வில்லாளிகள் நின்ற சின்னக் குன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் போர் எப்படித் திரும்பியது என்பது விளங்கும். இதற்கு பஸ்காரர் தரும் கால் மணி நேரம் போதாது. அப்புறம், பேக்கேஜில் பெரும்பாலும் இல்லாத ஓர் இடம் ஹிஜாஸ் ரயில் நிலையம். டமாஸ்கஸிலிருந்து 1908இல் மதீனாவை எட்டிய பாதையின் கடைசி நிலையம் இது. கருங்கல் கட்டடம், பக்கத்திலேயே அன்பரிய்யா பள்ளி. நபியின் பள்ளிவாசலான மஸ்ஜிதுந் நபவியிலிருந்து நடந்தே போகலாம். மதீனாவில் அரை நாளை ஜியாரத் பஸ் இல்லாமல் சும்மா விட்டு வையுங்கள் என்பது என் கட்சி.

கேள்வி: ரவ்ளா ஷரீஃபில் (மஸ்ஜிதுந் நபவிக்குள் இருக்கும் சிறப்பிடம்) தொழ அனுமதி வாங்கித்தர ஏஜென்ட் ஆளுக்கு 1,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். சவூதி அரசின் நுசுக் செயலியில் பாஸ்போர்ட், விசா விவரம் கொடுத்து நீங்களே இலவசமாக எடுக்கலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நேரம் தனித்தனி. மதீனா தேதி உறுதியானதும் எடுத்துவிடுங்கள், தாமதித்தால் இடம் கிடைப்பது கடினம்.

கேள்வி: உம்ரா விசாவில் போய் அப்படியே தங்கி ஹஜ்ஜும் முடித்துவிடலாம், பாதிச் செலவுதான் என்கிறார் ஒருவர்.

பதில்: அந்த ஆளோடு பேச்சையே நிறுத்துங்கள். ஹஜ்ஜுக்குத் தனி விசா, தனி அனுமதி கட்டாயம். பிடிபட்டால் அபராதமும் நாடுகடத்தலும் உண்டு. 2024 ஹஜ்ஜில் கடும் வெயிலில் 1,301 பேர் இறந்தார்கள். அவர்களில் 83 சதவீதம் பேர் அனுமதியில்லாமல் வந்தவர்கள் என்று சவூதி அரசே சொன்னது. அவர்களுக்குக் கூடாரமும் இல்லை, பஸ்ஸும் இல்லை.

கேள்வி: முன்பணம் கட்டிய டிராவல்ஸ் பயணத்தை ரத்து செய்துவிட்டு மூன்று மாதமாக இழுத்தடிக்கிறது.

பதில்: வாட்ஸ்அப்பில் பேசியது போதும், பதிவுத் தபாலில் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். மசியாவிட்டால் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், அவர்கள் அலுவலகம் சென்னையில் இருந்தாலும் சரி. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கேள்வி: அங்கே வாங்குவதில் ஏமாறாமல் இருக்க?

பதில்: "கஅபாவின் திரைத்துணித் துண்டு" என்று தெருவில் விற்பதை வாங்காதீர்கள். கிஸ்வா அப்படி விற்பனைக்கு வருவதில்லை. அஜ்வா பேரீச்சை என்று சொல்லி ஸஃபாவி வகையைத் தள்ளுபவர்கள் உண்டு. அஜ்வா சிறியது, உருண்டை வாகில் இருக்கும். ஸஃபாவி நீளமானது, விலையும் குறைவு. மதீனா பேரீச்சைச் சந்தையில் சாப்பிட்டுப் பார்த்துத்தான் எல்லாரும் வாங்குகிறார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். ஹரமின் ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீரைப் பெட்டிக்குள் துணிக்கு நடுவில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். ஜித்தா விமான நிலையத்தில் விற்கும் 5 லிட்டர் பெட்டிதான் சரி. உங்கள் டிக்கெட்டில் அதற்கு அனுமதி உண்டா என்று கிளம்பும் முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.