சீனாவின் பெரிய நகரம் ஒன்றை முதன்முதலாகச் சுற்றிப் பார்த்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது?

நான் போனது சோங்சிங். தென்மேற்குச் சீனாவில், யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் சேரும் இடத்தில் மலைமேல் கட்டிய ஊர். பெய்ஜிங், ஷாங்காய் போனவர்கள் வேறு மாதிரி எழுதுவார்கள். எனக்கு முதல் நாளே வந்த சந்தேகம் ஒன்றுதான்: இந்த ஊரில் தரை எங்கே இருக்கிறது?

விடுதிக்கு வழி தேடியபோது ஆரம்பித்தது அது. மெட்ரோவை விட்டு வெளியே வந்து கைபேசியைப் பார்த்தால், இன்னும் 80 மீட்டர் என்றது. (கூகுள் மேப்பை நம்பி அங்கே போகாதீர்கள். சீனச் செயலி ஒன்றை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.) 80 மீட்டர்தானே என்று பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தேன். தெரு முடிந்தது. விடுதியைக் காணோம், இடுப்புயரக் கைப்பிடிச் சுவர்தான் இருந்தது. எட்டிப் பார்த்தேன். தலை சுற்றும் ஆழத்தில் இன்னொரு தெரு. பஸ் போகிறது, கடைகள் திறந்திருக்கின்றன, என் விடுதியின் பெயர்ப்பலகை அங்கே மின்னுகிறது. வரைபடத்தைக் குறை சொல்ல முடியாது. காக்கையாக இருந்திருந்தால் 80 மீட்டர்தான்.

அரை மணி நேரம் படிக்கட்டு தேடினேன். கடைசியில் ஆரஞ்சு விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் விடுதியின் படத்தைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, தினமும் நாலு பேர் கேட்பார்கள் போல. எதிரே இருந்த பழைய கட்டிடத்தின் வாசலைக் காட்டி, விரலைக் கீழ்நோக்கி இரண்டு முறை ஆட்டினார். தெருவிலிருந்து நேராக உள்ளே போனேன், ஒரு படிகூட ஏறவில்லை. லிப்டில் பார்த்தால் நான் நிற்பது 11ஆம் மாடி! ஒன்றை அழுத்தினேன். கதவு திறந்ததும் எதிரே அந்தக் கீழ்த் தெரு.

அப்புறம்தான் தெரிந்தது, ஊர்க்காரர்களே பழைய நகரத்தை மேல்பாதி, கீழ்பாதி என்று பிரித்துத்தான் பேசுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்க 1 யுவான் கட்டணத்தில் பொது லிப்ட்கூட இருக்கிறது. நம் ஊரில் டவுன் பஸ் ஏறுகிற மாதிரி காய்கறிப் பையோடு வரிசையில் நின்று ஏறுகிறார்கள். குய்சிங் கட்டிடம் என்று ஒன்று. ஒரு பக்கம் சதுக்கத்திலிருந்து சாதாரணமாக உள்ளே நுழையலாம், மறுபக்கம் எட்டிப் பார்த்தால் நீங்கள் நிற்பது 22ஆம் மாடி. தோளில் மூங்கில் கழியோடு சுமை தூக்கும் 'பாங்பாங்' தொழிலாளர்கள் இந்த ஊரின் அடையாளமாக இருந்ததும் இந்த மேடு பள்ளத்தால்தான். இப்போது குறைந்துவிட்டார்கள். நான் பார்த்தவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். கழியின் இரு முனையிலும் அட்டைப்பெட்டிகள் கட்டி, படிக்கட்டில் என்னைத் தாண்டிப் போனார்.

இணையத்தில் எல்லாரும் காட்டும் லிசிபா நிலையத்தையும் பார்த்தேன். 19 மாடிக் குடியிருப்புக்குள் மோனோரயில் புகுந்து வருமே, அதுதான். கட்டிடத்தைத் துளைத்து ரயில் விட்டார்கள் என்பது கதை. இரண்டையும் சேர்த்தே திட்டமிட்டுக் கட்டினார்கள். நிலையத்தின் தூண்கள் தனி, வீடுகளின் தூண்கள் தனி. ரயிலுக்கு ரப்பர் டயர், அதனால் சத்தமும் குறைவு. கீழே நூறு பேர் வாயைப் பிளந்து ரயிலை விழுங்குவதுபோலப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் எடுத்தேன், மறைப்பானேன்.

'மூன்று கோடிப் பேர் வாழும் உலகின் மிகப்பெரிய நகரம்' என்று யூடியூபில் சொல்வதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 1997இல் சீன மத்திய அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்த பகுதி முழுவதற்குமான கணக்கு அது. பரப்பளவில் கிட்டத்தட்ட ஆஸ்திரியா நாடு அளவு. வயலும் மலையும் கிராமமும் அதில் அடக்கம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். 1938 முதல் 1943 வரை ஜப்பானியர் இந்த ஊரின்மீது குண்டு போட்டார்கள். அப்போது இதுதான் சீனாவின் போர்க்காலத் தலைநகர். மக்கள் ஒளிந்துகொள்ளப் பாறையைக் குடைந்த சுரங்கங்களில் சிலவற்றில் இன்று ஹாட்பாட் (மேசையிலேயே கொதிக்கும் குழம்பில் இறைச்சி, காய்களைப் போட்டு வேகவைத்துச் சாப்பிடுவது) கடை நடக்கிறது. இரண்டாம் நாள் இரவு அப்படி ஒன்றில் உட்கார்ந்தேன். ஒன்பது கட்டமாகத் தடுத்த பாத்திரத்தில் சிவப்பாகக் குழம்பு கொதிக்கிறது. 'குறைந்த காரம்' என்று செயலியில் மொழிபெயர்த்துக் காட்டினேன். காரம் பரவாயில்லை, ஆந்திரா மெஸ் பார்த்த நாக்குதானே. மாட்டியது வேறு இடத்தில்: சிச்சுவான் மிளகு. ஐந்தே நிமிடத்தில் உதடு மரத்துப்போய், பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்ததுபோல் ஆகிவிட்டது. குழம்புக்கு அடிப்படையே மாட்டுக்கொழுப்பு. சாப்பிடாதவர்கள் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயில் பூண்டு நசுக்கிப் போட்ட தொட்டுக்கொள்ளும் கிண்ணம்தான் என்னைக் காப்பாற்றியது.

காசு கொடுத்துவிட்டு (கைபேசியில்தான், தெருவோர ஆரஞ்சுக்கும் அப்படித்தான்) சுரங்கத்தின் பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். விடுதிக்கு 200 மீட்டர் என்றது செயலி. இந்த முறை முதலில் லிப்ட் எங்கே என்று தேடினேன்.