தீம் பார்க் வாசலிலேயே தங்க வேண்டுமா?

கேள்வி: நான் அட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. கணவர் டவுனில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். மூன்று வருடமாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் ஆகஸ்ட் லீவுக்குச் சிங்கப்பூர் போகிறோம். நான்கு இரவுகள். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. மாமியையும் கூட்டிப் போகிறோம், அவருக்கு 68. பிள்ளைகளுக்கு யுனிவர்சல் ஸ்டூடியோஸ் தீம் பார்க்தான் எல்லாம். பார்க்கை ஒட்டியே இருக்கும் ரிசோர்ட் ஹோட்டலில் தங்கினால் அலைச்சல் இல்லை என்கிறார்கள். ஓர் அறைக்கு ஓர் இரவு 480 சிங்கப்பூர் டொலர் கேட்கிறார்கள். லிட்டில் இந்தியாவில் வரியெல்லாம் சேர்த்து 160 டொலருக்கு நல்ல அறை கிடைக்கிறது. வாழ்க்கையில் ஒரு தடவை போகிறோம், கணக்குப் பார்க்காதே என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: டீச்சர், நான்கு இரவும் அங்கே தங்க வேண்டாம். தங்குவதென்றால் ஒரே ஓர் இரவு, அதுவும் உங்கள் கணவரின் ஆசைக்காக. பிள்ளைகளுக்காக என்றால் தேவையே இல்லை. ஏன் என்று விளக்குகிறேன், கணவரிடமும் வாசித்துக் காட்டுங்கள்.

பயண ஏற்பாட்டுத் தொழிலுக்கு வருவதற்கு முன் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் பத்து வருடம் வரவேற்பு மேசையில் இருந்தேன். ஏப்ரல் சீசனில் அறை விலை எப்படி ஏறும் என்று உங்களுக்கே தெரியும். அப்படியொரு ஏப்ரலில் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம், ஏரி தெரியும் அறைதான் வேண்டும் என்று மற்ற அறைகளைப் போல இரண்டு மடங்கு கொடுத்து எடுத்தார்கள். ரம்பொடை ஏற்றத்தில் வாகன நெரிசல், வந்து சேர இரவு ஒன்பது மணி. மறுநாள் மூடுபனி ஏறுமுன் உலக முடிவு என்ற மலை விளிம்பைப் பார்க்க வேண்டும் என்று விடியற்காலை நாலரைக்கு ஹோர்ட்டன் சமவெளிக்குக் கிளம்பிவிட்டார்கள். காலைச் சாப்பாட்டைப் பெட்டியில் கட்டிக் கொடுத்தோம். அங்கிருந்தே பண்டாரவளை பக்கம் போய்விட்டார்கள். அறையைச் சுத்தம் செய்யப் போன பையன் திரும்பி வந்து சொன்னான், “சார், கேர்ட்டனைத் திறக்கவே இல்ல.” அந்த அறைக்கு அவர்கள் கொடுத்த பணம் முழுவதும் அந்தத் திரைக்கு வெளியே இருந்த ஏரிக்காக.

விலை கூடிய ஹோட்டல் எதுவானாலும் இந்தக் கேள்வியைத்தான் கேட்பேன்: நீங்கள் விழித்திருக்கும் எத்தனை மணித்தியாலம் அந்த ஹோட்டல் உங்களுக்குப் பயன்படும்? தூங்குவதற்குக் கட்டில் எங்கும் கிடைக்கும்.

முதலில் 480 டொலர் என்பது 480 டொலர் அல்ல. உங்களுக்கு வந்த விலைப் பட்டியலில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், 10 வீதம் சேவைக் கட்டணமும் அதற்கு மேல் 9 வீதம் ஜிஎஸ்டி வரியும் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். சேர்த்தால் 575 டொலரைத் தாண்டும். அடுத்தது இதைவிடப் பெரிய விஷயம்: நீங்கள் ஐந்து பேர். இப்படிப்பட்ட ஹோட்டல்களில் சாதாரண அறையொன்றுக்குப் பெரியவர் இருவரும் பிள்ளைகள் இருவரும், அல்லது பெரியவர் மூவர் என்றுதான் பெரும்பாலும் அனுமதி. மூன்று பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் ஓர் அறைக்குள் அடங்க மாட்டீர்கள். வாசலில் போய் நின்று சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், பெயர்களைப் பார்த்துத்தான் அறை தருவார்கள். ஆகவே இரண்டு அறைகள்: ஓர் இரவுக்கு 1,151 டொலர். டொலர் ஒன்றை 235 ரூபாய் என்று வைத்தால் 270,000 ரூபாய். லிட்டில் இந்தியாவில் இரண்டு அறைகள் 320 டொலர், அதாவது 75,000 ரூபாய். ஓர் இரவுக்கு 195,000 ரூபாய் வித்தியாசம்.

இந்த 195,000 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் நோர்த் ஈஸ்ட் லைன் ரயில் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன் ஹார்பர்ஃப்ரண்ட், வேறு ரயில் மாறத் தேவையில்லை. அதற்கு மேலேயே விவோசிட்டி என்ற கடைத்தொகுதி. அதன் மூன்றாம் மாடியில், பார்க் இருக்கும் செந்தோசா தீவுக்குப் போகும் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறினால் முதல் நிறுத்தத்தில் பார்க். ஆளுக்கு 4 டொலர், திரும்பி வரும்போது காசு இல்லை. பாலத்தின் மேல் நடந்தே போனால் அந்த 4 டொலரும் மிச்சம். கதவுக்குக் கதவு முக்கால் மணித்தியாலம் என்று வையுங்கள். போகவர ஒன்றரை மணித்தியாலம். அட்டனிலிருந்து கண்டிக்கு ஒரு வேலையாகப் போய்வருவதை விட எவ்வளவோ சுகம். மாலையில் பிள்ளைகள் கால் வலிக்கிறது என்றால் ஃபோன் செயலியில் கூப்பிடும் கிராப் வாடகைக் காரில் ஆறு பேர் அமரும் ஒன்றைப் பிடித்து வாருங்கள். அதற்கு என்ன செலவானாலும் இந்த வித்தியாசத்தில் சிறு துண்டுதான்.

“பார்க் ஹோட்டலில்தான் தங்க வேண்டும்” என்று எல்லோரும் சொல்வது எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது பெரும்பாலும் அமெரிக்காவின் புளோரிடாவை வைத்துச் சொல்லப்படும் யோசனை. 1971 இல் திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்ட் ஏறத்தாழ 25,000 ஏக்கர், உள்ளே நான்கு பார்க்குகள், போய்வரவே நேரம் கரையும். அங்கே டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களை மற்றவர்களுக்கு அரை மணித்தியாலம் முன்னதாக உள்ளே விடுகிறார்கள். அதே ஒர்லாண்டோவில் யுனிவர்சலின் உயர்தர ஹோட்டல்கள் மூன்றில் அறை எடுத்தால், வரிசையில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ் அறையில் உள்ள எல்லோருக்கும் சேர்ந்தே கிடைக்கிறது, வரும் நாளுக்கும் கிளம்பும் நாளுக்கும். அங்கே ஓர் இரவு தங்கி இரண்டு நாள் பாஸை அனுபவிக்கலாம். விலை கூடினாலும் கணக்குச் சரியாக வரும். டோக்கியோவில் டிஸ்னி ஹோட்டல்காரருக்குக் கால் மணித்தியாலம் முன்கூட்டி நுழைவு.

சிங்கப்பூர் பார்க் அப்படியல்ல. மொத்தம் ஏறத்தாழ 50 ஏக்கர், நம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு டிவிஷன் அளவுகூட வராது. ஒரு நாளில் முடித்துவிடலாம். எக்ஸ்பிரஸ் பாஸ் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் பொருள். “அறையோடு பாஸும் உண்டு” என்று யாராவது சொன்னால், அது உங்கள் முன்பதிவுத் தாளில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது.

அந்த ஒரு நாளும் உங்கள் வீட்டுக்கு முழு நாளாக இருக்காது. சமையலறைக் கதவு நிலையில் பிள்ளைகளை நிற்க வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். பாட்டில்ஸ்டார் கலக்டிகா என்ற பெரிய ரோலர் கோஸ்டருக்கு 125 சென்றிமீற்றர் வேண்டும். மம்மி சவாரிக்கு 122. ட்ரான்ஸ்ஃபோமர்ஸுக்கு 102. உங்கள் மகன் எல்லாவற்றிலும் ஏறக்கூடும். ஐந்து வயது மகள் ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் வாசலைத் தாண்டினாலே பெரிய விஷயம். மற்றபடி அவளுக்கு மினியன் லேண்டும் சின்னச் சின்னச் சவாரிகளும்தான். அதனால் அண்ணன் வரிசையில் நிற்கும்போது தங்கை வெளியே ஒருவரோடு நிற்பாள், மூன்று மணிக்கெல்லாம் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். இன்னொன்று, அட்டன் 1,200 மீற்றருக்கு மேல். நம் பிள்ளைகள் குளிரில் வளர்ந்தவர்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், கடல் மட்டத்தில், மதிய வெயிலும் புழுக்கமும் அவர்களை எப்படி வாட்டும் என்று ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். கொழும்புப் பிள்ளை ஓடித் திரியும் நேரத்தில் நம் பிள்ளை சுவரோரம் குந்தியிருக்கும். இடி மின்னல் வந்தால் வெளியிலுள்ள சவாரிகளையும் நிறுத்திவிடுவார்கள். ஆறு மணித்தியாலப் பார்க் நாளுக்குத்தான் நீங்கள் ஹோட்டல் தேடுகிறீர்கள்.

மாமியைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. அவர் தோட்டத்தில் வேலை செய்தவர் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் பக்கத்தில் 68 வயது என்றால் பெரும்பாலும் கூடை சுமந்து மலை ஏறி இறங்கிய முழங்கால்தான். பார்க்கில் நாள் முழுக்க நடையும் நிற்றலும். அவருக்கு அங்கே ஏற ஒன்றும் இல்லை. டிக்கெட் எடுத்து உள்ளே கூட்டிப் போய், பையைப் பார்த்துக்கொள்ள ஒரு வாங்கில் உட்கார வைப்பதை நான் நிறையக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

லிட்டில் இந்தியாவை நான் சொல்வது விலைக்காக மட்டும் அல்ல. அங்கே அவர் யாரையும் எதிர்பார்க்காமல் ஒரு பகல் இருக்க முடியும். செராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மன் கோவில், தேக்கா சந்தையில் இட்லி தோசை, பூக்கடை, வெற்றிலை. கடைக்காரரிடம் தமிழிலேயே விலை கேட்கலாம். தமிழ் அந்த நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் தன் எழுத்தைக் கண்டதும் பாதித் தயக்கம் போய்விடும். நான் அனுப்பிய குடும்பம் ஒன்றில் அப்பாயி ஒருவர், வாழ்நாளில் கண்டிக்கு அப்பால் போகாதவர், இரண்டாம் நாளே கோவிலுக்குத் தனியாகப் போய்வந்துவிட்டார். ரிசோர்ட் அறையில் பகல் முழுக்க இருந்தால் உங்கள் மாமிக்கு ஏசியும் புரியாத ரிமோட்டும்தான் துணை.

சரி, கணவரின் ஆசையும் நியாயமானதுதான். மூன்று வருடம் சீட்டுக் கட்டியவருக்கு ஒரு நல்ல இரவைக் கேட்க உரிமை உண்டு. அப்படியென்றால் இப்படிச் செய்யுங்கள். போய் இறங்கும் நாளில் மட்டும் ரிசோர்ட்டை எடுக்காதீர்கள். கினிகத்தேனை வளைவுகளைத் தாண்டி ஐந்து மணித்தியாலம் வாகனத்தில் கட்டுநாயக்கவுக்கு, பிறகு நள்ளிரவு விமானம், நான்கு மணித்தியாலப் பறப்பு. அங்கே காலை ஏழரை என்றால் நம் நேரம் ஐந்து மணி. அறை தருவது பிற்பகல் மூன்று மணிக்கு. அன்று முழுக்க எல்லோரும் தூங்கி வழிவீர்கள், 270,000 ரூபாயும் சேர்ந்து தூங்கும். முதல் இரண்டு இரவுகளை லிட்டில் இந்தியாவில் கழியுங்கள். பார்க் போகும் நாளன்று காலையில் ரிசோர்ட்டில் பைகளைக் கொடுத்துவிட்டு, திறக்கும் நேரத்துக்கே நீங்களும் கணவரும் பிள்ளைகளும் உள்ளே போங்கள். பெரிய சவாரிகளை முதல் இரண்டு மணித்தியாலத்தில் முடியுங்கள். மாமி பிந்தி எழும்பி, கோவிலுக்குப் போய்விட்டு, மதியத்துக்குப் பிறகு வரட்டும். ஒருவர் போய்க் கூட்டி வந்தால் போதும். மூன்று மணிக்கு அறை கிடைக்கும்போது மகளுக்கும் மாமிக்கும் படுக்கை தயார். மகனும் அப்பாவும் பார்க் மூடும்வரை சுற்றட்டும். நடுவே வெளியே வந்தவர் மீண்டும் உள்ளே போகும் வழியை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் காலை நீச்சல் தடாகம், பிறகு பக்கத்திலேயே இருக்கும் ஓஷனேரியம். 2025 ஜூலையில் பெரிதாக்கித் திறந்த மீன் காட்சியகம் அது. உள்ளே குளிர்ச்சி, மாமிக்கும் மகளுக்கும் பார்க்கை விட அதுதான் பிடிக்கும் என்பது என் எண்ணம். இப்படித் தங்கினால் விழித்திருந்து அனுபவிக்கும் நேரம் குறைந்தது பத்து மணித்தியாலம் வரும்.

முன்பதிவு செய்யுமுன் ஹோட்டலுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். இரண்டு அறைகளும் உட்கதவால் இணைந்தவையா, காலைச் சாப்பாடு ஐந்து பேருக்குமா அல்லது அறைக்கு இரண்டு பேருக்கு மட்டுமா, வரியெல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு. பிள்ளைகளுக்குச் சாப்பாடு தனிக்காசு என்று அங்கே போன பிறகு தெரிய வந்து முகம் வாடிய குடும்பங்கள் உண்டு. ஆகஸ்ட் 9 சிங்கப்பூரின் தேசிய தினம், உங்கள் லீவும் அதை ஒட்டி விழக்கூடும். அந்த நாளையும் அதை ஒட்டிய சனி ஞாயிறையும் பார்க்குக்கு வைக்காதீர்கள், அறை விலையும் கூட்டமும் அப்போதுதான் உச்சத்தில். அங்கே பாடசாலை நடக்கும் செவ்வாயோ புதனோ பாருங்கள். அதே ரிசோர்ட்டின் விலை அன்றைக்கு 480 ஆக இருக்காது, தேதியை மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். இரண்டு அறைகளும் எல்லாம் சேர்த்து 800 டொலருக்குள் வந்தால் எடுங்கள் என்பேன். அதற்கு மேல் என்றால் நான்கு இரவும் லிட்டில் இந்தியா, மிச்சப் பணத்தில் மகனுக்கும் அப்பாவுக்கும் மட்டும் எக்ஸ்பிரஸ் பாஸ்.